270 கிராம்

பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்று காலை தன் கைத்துப்பாக்கியைக் காட்டினார். தோட்டாக்களை எடுத்துவிட்டு, உள்ளே காலிதானா என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான்.

ரூகர் எல்சிபி, 2008-இல் சந்தைக்கு வந்த ரகம். தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 270 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

பிடி வழுக்காமலிருக்க ரப்பர் உறை மாட்டியிருக்கிறார். எழுபது வயது விரல்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

ஆனால் அவர் அதிகம் பேசியது தோலுறையைப் பற்றி. விசையை முழுவதுமாக மூடும் தடித்த தோல், அவரே தைத்தது. "இதை வைக்கும் பையில் சாவிகூடப் போடமாட்டேன்" என்றார். விசையில் எதுவும் சிக்கிவிடக் கூடாது.

இங்கே டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயதான பெரும்பாலோர் உரிமமின்றியே கைத்துப்பாக்கியுடன் நடமாடலாம். முன்பு உரிமம் பெற வகுப்பும் சுடும் தேர்வும் கட்டாயம். அதைத் தளர்த்தியது தவறு என்றே நினைக்கிறேன். இந்தப் பொறுமை தானாக வருவதில்லை, யாரோ சொல்லித்தர வேண்டும். அவர் இன்றும் உரிமத்தைப் புதுப்பித்துவருகிறார்.

பேரன் ஓடிவரும் சத்தம் கேட்டது. பேச்சைப் பாதியில் நிறுத்தி எழுந்தார். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.