கனடா வந்த பிறகு சென்னை வீட்டு வாடகை: எங்களுக்கு நடந்தது

கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், விண்ணப்பிக்கச் சொல்லி எங்களுக்கு அழைப்பு வந்தது 2020 நவம்பரில். கொரோனாவால் எல்லாம் இழுத்துக்கொண்டே போய், 2022 பிப்ரவரியில்தான் விமானம் ஏறினோம். பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கும் வழியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆங்கிலத் தேர்வு, படிப்புச் சான்று மதிப்பீடு, போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை என்று அது வரிசையாகப் போகும். நான் எழுத வந்தது, விட்டுவிட்டு வந்த வீட்டைப் பற்றி. அதில்தான் அடிபட்டோம். எங்களோடு சேர்ந்து, ஒரு தப்பும் செய்யாத இன்னொருவரும் அடிபட்டார்.

வீட்டை விற்றுவிடலாமா என்று முதலில் யோசித்தோம். குடியேறப் போதுமான பணம் இருக்கிறதா என்று கனடா கேட்கும்போது வீட்டின் மதிப்பு அந்தக் கணக்கில் சேராது. கடன் வாங்கிய பணமும் சேராது. வங்கி தரும் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும் வர வேண்டும். எங்கள் சேமிப்பே அதற்குப் போதுமானதாக இருந்ததால் வீட்டை வைத்துக்கொண்டோம். போன இடத்தில் வேலை கிடைக்கத் தாமதமானாலும் மாதம் 25,000 ரூபாய் வாடகை வரும், ஒரு பிடிமானமாக இருக்கும் என்று நினைத்தோம்.

கிளம்பும் முன் உருப்படியாகச் செய்தது ஒன்று: அண்ணன் பேருக்குப் பவர் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், வாடகைக்கு விடுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, சொத்து வரி, மின் இணைப்பு, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் எழுதிக் கொடுத்தோம். விற்கும் அதிகாரம் அதில் இல்லை. அண்ணன் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. "எனக்கும் அதுதான் நிம்மதி"ன்னு அவரே சொன்னார். இதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இங்கே வந்தபின் செய்தால் இந்தியத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்ட வேண்டும்.

இந்திய மொபைல் நம்பரையும் உயிரோடு வைத்துக்கொண்டோம். வங்கி, பான், ஆதார், வருமான வரி என்று எல்லா ஓடிபியும் அதில்தான் வருகிறது.

பிப்ரவரியிலேயே ஒருவர் குடிவந்தார். ஐடி கம்பெனியில் வேலை, மனைவி, ஒரு குழந்தை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் அண்ணன் பதிவும் செய்துவிட்டார். வீட்டைப் பார்த்துக் கொடுத்த புரோக்கரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை: நாங்கள் இனி என்ஆர்ஐ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்), அதனால் குடிவந்தவருக்கு ஒரு கடமை வந்து சேருகிறது என்று.

நவம்பரில் அவரிடமிருந்து போன் வந்தது. "மேடம், எச்ஆர்ஏவுக்கு உங்க பான் நம்பர் கொடுத்தேன். ஓனர் வெளிநாட்டுல இருக்காங்களான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. அப்படின்னா நான் டிடிஎஸ் பிடிச்சிருக்கணுமாம்." அவர் குரலில் பயம் இருந்தது. (எச்ஆர்ஏ என்பது சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி. டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது.) நான் ஆடிட்டரிடம் கேட்டேன். குடியிருந்தவர் சொன்னது அப்படியே உண்மை என்றார்.

விஷயம் இதுதான். உள்நாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் என்றால், மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்தால்தான் தனிநபர் ஒருவர் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்றால் அந்த வரம்பே கிடையாது. அப்போதிருந்த 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195-வது பிரிவுப்படி, வாடகை எவ்வளவு சிறியதானாலும் 30 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீத செஸ், ஆக மொத்தம் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 25,000 ரூபாய் வாடகையில் 7,800 ரூபாய். அதைப் பிடிக்கக் குடியிருப்பவர் டான் நம்பர் (வரி பிடிப்பவருக்கான அடையாள எண்) வாங்க வேண்டும், அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்ட வேண்டும், பிடித்த வரிக்குக் கணக்குக் காட்டக் காலாண்டுக்கு ஒருமுறை 27கியூ படிவம் போட வேண்டும், வரி பிடித்ததற்கு எங்களுக்கு 16ஏ சான்று தர வேண்டும். வாடகைக்கு இருக்கும் ஒரு மனிதர் தலையில் இத்தனையும்! செய்யாவிட்டால் அபராதமும் அவருக்குத்தான் வரும்.

நாங்கள் மார்ச் கடைசி வரை வரிக் கணக்குப்படி உள்நாட்டுக்காரர்கள்தான். ஏப்ரலிலிருந்து சிக்கல். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாத வரி 54,600 ரூபாய். பிடிக்காமல் விட்டதற்கு மாதம் 1 சதவீத வட்டி. இதைவிடப் பெரிய அடி தாமதக் கட்டணம்: படிவம் போடாத ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய். முதல் காலாண்டுக்குக் கெடு ஜூலை 31, இரண்டாவதற்கு அக்டோபர் 31. அவர் டான் வாங்கி, நவம்பர் 20 அன்று இரண்டையும் போட்டார். 112 நாளுக்கு 22,400, 20 நாளுக்கு 4,000, சேர்த்து 26,400 ரூபாய். ஒரு மாத வாடகையைவிட அதிகம்.

அன்று இரவே அண்ணன் மூலமாக 54,600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். முழு வாடகையும் ஏற்கெனவே எங்களிடம் வந்துவிட்டதல்லவா. வட்டியும் தாமதக் கட்டணமும் ஆடிட்டர் கூலியும் எங்கள் பொறுப்பு என்று சொன்னோம். அவர், "பாதி நான் தரேன் மேடம்" என்றார். வாங்க மனசு வரவில்லை. வெளிநாடு போனது நாங்கள், சொல்லாமல் விட்டதும் நாங்கள். அவர் செய்தது மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை போட்டது மட்டும்தான்.

இவ்வளவு பிடித்தும், உண்மையில் எங்களுக்கு வரியே இல்லை என்பதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆண்டு வாடகை 3,00,000. கட்டிய சொத்து வரி 6,000 போக 2,94,000. அதில் பராமரிப்புக்கென்று சட்டமே தரும் 30 சதவீதக் கழிவு 88,200. மிச்சம் 2,05,800. அந்த ஆண்டு பழைய வரி முறையில் 2,50,000 வரை வரி கிடையாது. 2023 ஜூலையில் ஐடிஆர்-2 (வருமான வரிக் கணக்குப் படிவம்) போட்டு, பிடித்த 93,600 ரூபாயையும் திரும்ப வாங்கினோம். என்ஆர்ஐக்கு ஐடிஆர்-1 செல்லாது, கவனம். போன தாமதக் கட்டணம் போனதுதான்.

அடுத்த ஆண்டிலிருந்து படிவம் 13 போட்டோம். எங்கள் உண்மையான வரி இவ்வளவுதான், குறைவாகப் பிடித்தால் போதும் என்று வருமான வரித்துறையிடம் சான்று கேட்கும் விண்ணப்பம் அது. அந்தத் துறையின் ட்ரேசஸ் இணையதளத்தில் போட வேண்டும். முந்தைய கணக்குகள், எதிர்பார்க்கும் வருமானம் எல்லாம் கேட்பார்கள். சான்று குடியிருப்பவரின் டான் நம்பருக்கு வரும், நிதியாண்டு முடிந்தால் காலாவதி. குடியிருப்பவர் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து. சலிப்பான வேலைதான், ஆனால் கையில் வர வேண்டிய பணம் ஓராண்டு அரசிடம் முடங்காது.

வங்கிக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் குடியேறியதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) மாற்ற வேண்டும், வாடகை அதில் வர வேண்டும். அந்தப் பணத்தைக் கனடாவுக்கு அனுப்ப 15சிஏ படிவமும், பெரும்பாலும் ஆடிட்டர் தரும் 15சிபி சான்றும் கேட்பார்கள். நாங்கள் ஆண்டுக்கு ஒரே தடவை அனுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் சான்றுக்குச் செலவு.

அப்புறம் கனடா பக்கம். இங்கே குடியேறிய நாளிலிருந்து உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்கில் காட்ட வேண்டும். வாடகைக்கு டி776 படிவம். இந்தியா தரும் அந்த 30 சதவீதக் கழிவு இங்கே செல்லாது. சொத்து வரி, பழுது என்று உண்மையாகச் செலவழித்தது மட்டும்தான் கழியும், அதனால் பில்லை எறியாதீர்கள். இந்தியாவில் கட்டிய வரிக்கு இங்கே கழிவு உண்டு, ஆனால் கடைசியில் நின்ற வரிக்குத்தான். திரும்ப வந்த டிடிஎஸ்ஸைக் காட்ட முடியாது. எங்களுக்கு அங்கே வரி பூஜ்யம், ஆகவே இங்கே முழுதாகக் கட்டுகிறோம்.

வாடகை வீடு உட்பட வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை 1,00,000 கனடிய டாலரைத் தாண்டினால் டி1135 படிவமும் உண்டு. குடியேறிய முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு. தாமதித்தால் நாளுக்கு 25 டாலர், 2,500 வரை. அடக்கவிலை என்றால் வீட்டை வாங்கிய விலை அல்ல. நாம் கனடாவில் குடியேறிய அன்றைக்கு இருந்த சந்தை மதிப்பு. பின்னால் விற்கும்போதும் லாபத்தை அந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடுவார்கள். நாங்கள் இது தெரியாமல் வந்து, ஒன்றரை வருடம் கழித்து, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அண்ணன் மூலம் பிடித்து, 2022 பிப்ரவரி தேதிக்கான மதிப்பை எழுதி வாங்கினோம். கிளம்பும் வாரத்திலேயே இதை வாங்கி வைத்திருக்கலாம்.

முதலில் குடியிருந்தவர் சென்ற ஆண்டு சொந்த வீடு வாங்கிப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் அண்ணன் முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொன்னார். டான், காலாண்டுப் படிவம், ஆடிட்டர் செலவு மூன்றும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலும் எழுதினோம். அதற்கு முன் மூன்று பேர் "என்ஆர்ஐ வீடா, வேண்டாம் சார்" என்று போனார்கள், இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தது. கம்பெனிக்கே வாடகைக்கு விட முடிந்தால் அவர்களிடம் டான் ஏற்கெனவே இருக்கும், இந்தப் பாடு குறையும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் நான் சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கும். ஒப்பந்தம் எழுதும் முன் புதிய எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.