கொரோலாவுக்கு ஒரு கட்டை லீவர்: தை மாத நாட்குறிப்பு

2025 ஜனவரி 11, சனி

கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி விட்டுத் துழாவுவதுபோலத்தான் இருக்கிறது, எங்கள் கொரோலாவில் மூன்றாம் கியரைத் தேடுவது. நியூட்ரலில் நிற்கும்போதே கியர் லீவரின் குமிழ் இரண்டு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடுகிறது. இன்று யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் சந்திக்குக் கிட்ட, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டேன். அது ஐந்தில் விழுந்து எஞ்சின் திணறி நின்றுவிட்டது. பக்கத்தில் அப்பா இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி 1983ஆம் ஆண்டுக் கே.ஈ.70 மொடல். 4கே எஞ்சின், 1290 சி.சி., ஐந்து கியர், பின்சக்கர ஓட்டம். இதில் லீவருக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் கேபிளும் கிடையாது, நீட்டுக் கம்பியும் கிடையாது. லீவர் நேரே பொக்ஸின் தலைக்குள் இறங்குகிறது. இப்போதைய முன்சக்கர ஓட்ட வண்டிகளில் இல்லாத பெரிய வசதி இது. பெரும்பாலான வேலையை இருக்கையில் இருந்தபடியே செய்துவிடலாம்.

கை போகும் தூரம் குறைய, இந்த லீவரைக் கட்டையாக்கி, அதாவது நீளம் குறைத்துப் போடவேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. எங்கள் ஊரில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனாலும் கியர் மாற்றாமல் அரை மைல் ஓடமுடியாது. ஒழுங்கை முடக்கு, மாடு, சைக்கிள், பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஒன்று, இரண்டு, மூன்று, திரும்பவும் இரண்டு. பின்னேரம் டாஷ்போர்ட்டில் அளவுநாடாவை ஒட்டி அளந்தேன். ஒன்றிலிருந்து இரண்டுக்குக் குமிழ் 126 மி.மீ. பயணம் செய்கிறது. அரைச் சாணுக்கும் மேல்.

ஜனவரி 12, ஞாயிறு

குமிழைச் சுழற்றி எடுத்து, நடுப்பெட்டியைக் கழற்றி, மேல் உறையையும் அதற்குக் கீழே உள்ள தடித்த றப்பர் உறையையும் நீக்கினேன். லீவரின் நடுவில் ஓர் உருண்டை இருக்கிறது. அது ஒரு கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். மேலே கூம்பு வடிவ ஸ்பிறிங், அதற்கு மேல் மூடி. மூடியைத் துணியால் பொத்திப் பிடித்து, கீழே அழுத்தி, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் லீவர் முழுவதும் கையோடு வந்துவிடும். துணி இல்லாமல் செய்தால் ஸ்பிறிங் எகிறும்.

லீவரின் நுனியில் இருக்கவேண்டிய நைலோன் புஷ் (நுனியை மூடும் சிறு உறை) இல்லை. அதாவது, துண்டு துண்டாக இருந்தது. இரண்டு துண்டு நுனியில் ஒட்டியிருந்தன, மூன்றாவது பொக்ஸுக்குள் கிடந்தது. நைலோனைக் காந்தம் பிடிக்காது. நீளமான சாவணத்தின் நுனியில் கிறீஸ் பூசி, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அரை மணித்தியாலம் மினக்கெட்டு எடுத்தேன். எடுத்த உடனேயே ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைத்தேன். அந்த ஓட்டைக்குள் ஒரு வாஷர் விழுந்தால் பிறகு பொக்ஸை இறக்கவேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்ததோடு சரி, வேலை ஒன்றும் இல்லை.

சாப்பிட்ட பிறகு அப்பா கதைத்தார். அவர் வண்டி ஓடப் பழகியது மொறிஸ் மைனரில். அதில் முதலாம் கியருக்குச் சிங்க்ரோமெஷ் (கியர் விழுமுன் சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. கிளச்சை இரண்டுதரம் மிதித்து, நடுவில் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தித்தான் போடவேண்டும். பிறகு தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். "எஞ்சின் நிண்டுபோனால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேணும். அந்தச் சொட்டுக்கு எங்கை போறது? அதாலை கியரை ஆறுதலா, சரியாப் போடோணும். கியருக்கும் மூச்சுவிட நேரம் குடுக்கோணும் தம்பி" என்றார்.

அவர் கை நியூட்ரலில் ஏன் எப்போதும் ஒரு கணம் தங்குகிறது என்று இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் யோசித்ததில்லை.

ஜனவரி 15, புதன்

கணக்கு. குமிழிலிருந்து நடு உருண்டைக்கு 288 மி.மீ. உருண்டையிலிருந்து கீழ் நுனிக்கு 48 மி.மீ. ஆறுக்கு ஒன்று. அப்படியென்றால் நுனி உள்ளே 21 மி.மீ. நகர, குமிழ் 126 மி.மீ. நகர்கிறது. அளந்ததோடு சரியாகப் பொருந்துகிறது.

மேல் கம்பை வெட்டிக் குறைப்பதை மட்டும் பலர் செய்கிறார்கள். தூரம் குறையும், ஆனால் குமிழ் தொடைப்பக்கம் இறங்கிவிடும், கை கீழே தேடவேண்டிவரும். சரியான வழி உருண்டையின் இருப்பிடத்தை உயர்த்தி, கீழ்க் கையை நீட்டுவது. 20 மி.மீ. உயர்த்தினால் கீழே 68, மேலே 268. மேல் கம்பை இன்னும் 20 குறைத்தால் 248. பயணம் 77 மி.மீ. ஆகிவிடும்.

ஆனால் தூரத்தில் மிச்சம் பிடிப்பதை விசையில் கட்டவேண்டும். இந்த அளவுக்குக் கை ஏறத்தாழ 1.6 மடங்கு பலம் போடவேண்டிவரும். பரவாயில்லை என்று எழுதி வைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

ஸ்டான்லி வீதியில் புதிய நைலோன் புஷ் கிடைத்தது. பித்தளையில் கடைந்து போடலாம் என்று ஒருவர் சொன்னார். தேயாது, உண்மைதான். ஆனால் பொக்ஸின் இரைச்சலும் நடுக்கமும் நேரே கைக்கு ஏறும். நைலோனே நல்லது. மலிவான புஷ் தேயட்டும், பொக்ஸின் உள்ளே இருப்பது தேயக்கூடாது.

பிறகு லேத் பட்டறைக்குப் போனேன். பழைய லீவரை வெட்டி ஒட்டுவோமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வெல்டிங் விட்டுப்போனால் ஓடும் வண்டியில் கியர் மாற்ற ஒன்றும் இருக்காது. அதோடு அது அப்பா நாற்பது வருடம் பிடித்த லீவர். கழித்துப் போட்ட அக்சில் துண்டு ஒன்றில் புதிதாகக் கடைந்து, இருப்பிடத்துக்குக் கீழே வைக்க 20 மி.மீ. அலுமினியத் தட்டும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஜனவரி 18, சனி

பழைய லீவரைப் புதிய புஷ்ஷோடு போட்டு ஓடிப் பார்த்தேன்.

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். கட்டை லீவர் போட்டவர்கள் "சும்மா வெண்ணெய் மாதிரி விழுது" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் புஷ்ஷின் வேலை என்று இப்போது நம்புகிறேன். லீவரைக் கழற்றும்போது யாரும் பழைய புஷ்ஷைத் திரும்பப் போடமாட்டார்கள். புதுப் புஷ் போட்டுவிட்டு, புகழை லீவருக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு இன்று அதே 126 மி.மீ. பயணம்தான். ஆனால் நியூட்ரலில் இருந்த ஆட்டம் முழுக்கப் போய்விட்டது. மூன்று தன்னிடத்தில் இருக்கிறது, ஐந்து தன்னிடத்தில் இருக்கிறது. கொக்குவிலிலிருந்து சுன்னாகம் வரை போய் வந்தேன், ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. உங்கள் வண்டியில் லீவர் ஆடினால் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு கிழமை ஓடுங்கள். அதற்குப் பிறகும் கை நீளமாகப் போவது பிடிக்கவில்லையென்றால் மட்டும் லேத்துக்குப் போங்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. லேத்துக்குச் சொல்லியும் ஆயிற்று.

ஜனவரி 25, சனி

புதிய லீவர் வந்தது. தட்டின் இரு முகத்துக்கும் கஸ்கற் தாள் வெட்டிப் போட்டேன். இல்லாவிட்டால் பொக்ஸ் சூடேறும்போது ஒயில் கசியும். நீளமான போல்ட்டைத் தேடி எடுக்க நான்கு நாள் ஆயிற்று. புஷ், உருண்டை, கிண்ணம் மூன்றுக்கும் கிறீஸ்.

நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்தபோது ஏதோ பிழை. ஒன்றுக்குப் போகிறது, இரண்டுக்குப் போகிறது, நடுவில் நியூட்ரலைக் கடக்கும்போது மட்டும் இறுகுகிறது. பக்கவாட்டில் தள்ளிவிட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தானாகத் திரும்பி வரவேண்டிய லீவர், தள்ளின இடத்திலேயே நிற்கிறது.

திண்ணையில் இருந்து கடதாசியில் கீறிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நுனி ஒரு வளைவில் ஓடுகிறது. கியரில் இருக்கும்போது சாய்ந்து கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். நிமிர்ந்து நிற்கும் நியூட்ரலில்தான் மிக ஆழமாக இறங்கும். நுனி நீளம் கூடினால் அங்கே அடியில் முட்டும். அளந்தேன். 68க்குப் பதில் 70. அந்த இரண்டு மி.மீ. உருண்டையைக் கிண்ணத்திலிருந்து கிளப்பி, ஸ்பிறிங்கை நெரித்துக்கொண்டிருந்தது. அரத்தால் ராவி, நுனியைத் திரும்ப உருட்டி மழமழப்பாக்கினேன். மாலை ஆறு மணிக்கு லீவர் தானாக நடுவுக்கு வந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

விடியப் பனியோடு பலாலி வீதியில் ஓடினேன். 77 மி.மீ. மணிக்கட்டை அசைத்தாலே போதும், தோள் அசையவில்லை. சரியான சந்தோசம்.

ஒரு மணித்தியாலம்தான். பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது மூன்றாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. இரண்டுதரம். பொக்ஸ் பழுதாகிவிட்டதோ என்று வயிறு கலங்கிப்போய்த் திரும்பி வந்தேன். நடுப்பெட்டியைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இருப்பிடம் 20 மி.மீ. உயர்ந்ததால், தடித்த றப்பர் உறை லீவரின் கழுத்தில் ஏறி விறைத்து நிற்கிறது. மூன்று முன்பக்கம் போகும் கியர். றப்பர் லீவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சினும் பொக்ஸும் அவற்றின் தாங்கிகளான மவுன்ற்றில் ஆடும், றப்பர் வண்டியின் தரையோடு பிடித்திருக்கும். ஒரு குலுக்கல் போதும்.

இப்படிக் கழலும் கியரோடு ஓடினால் பொக்ஸின் உள்ளே பல்லின் விளிம்பு தேயும். பிறகு உறையை மாற்றினாலும் கழன்றுகொண்டேதான் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

கழுத்து அகலமான, மெல்லிய றப்பர் உறை போட்டேன். மூன்று கழலவில்லை. அப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன்.

நல்லூர்ப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்து, இறங்கும்போது இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டதற்கு "ஒண்டுமில்லை, கொஞ்சம் விறைப்பு" என்றார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நியூட்ரலில் அவர் கை தங்க இடமே இல்லை. தங்குவதற்குள் லீவர் அடுத்த கியரின் வாசலில் நிற்கிறது. அவர் தள்ளுகிறார், சிங்க்ரோமெஷ்ஷின் பித்தளை வளையம் இன்னும் வேகத்தைச் சமப்படுத்தி முடியவில்லை, அது எதிர்க்கிறது, அவர் இன்னும் பலமாகத் தள்ளுகிறார். லீவர் கட்டையானதால் வளையம் வேகமாக வேலை செய்யப்போவதில்லை. அதற்கு எடுக்கும் நேரம் எடுக்கும். பலம் கூடினால் தேய்மானம்தான் கூடும், அவருடைய கையிலும்.

1.6 மடங்கு பலத்தைப் பரவாயில்லை என்று எழுதியபோது என் கையை நினைத்துத்தான் எழுதியிருக்கிறேன். எழுபத்திரண்டு வயதுக் கையை நினைக்கவில்லை.

பெப்ரவரி 1, சனி

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு இன்றிலிருந்து திறக்கிறது. தேநீர்க்கடையில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. பழைய வண்டிகளின் விலை விழும், இப்போதே விற்றுவிடு என்று நண்பன் ஒருவன் சொன்னான். "மச்சான், நான் இதுக்கு லீவர் கடையக் குடுத்திருக்கிறன்" என்றேன்.

லேத்தில் 10 மி.மீ. தட்டும், அதற்கேற்ற இரண்டாவது லீவரும் தயார். கீழே 58, மேலே 278. குமிழ் பழைய உயரத்திலேயே நிற்கும். பயணம் 101 மி.மீ., பலம் கால் பங்கு மட்டும் கூடும். இந்தமுறை நுனியைப் பட்டறையிலேயே நின்று அளந்து வாங்கினேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

பூட்டினேன். பழைய தடித்த றப்பர் உறையே இந்த உயரத்துக்கு இழுபடாமல் பொருந்துகிறது. பொக்ஸ் ஒயிலையும் மாற்றினேன். தரம் ஜி.எல்-4, தடிப்பு 75டபிள்யூ-90. ஜி.எல்-5 எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஆனால் அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சேர்வைகள் பித்தளை வளையங்களுக்கு ஆகாமல் போகலாம். எனக்கு அந்த வளையங்கள் வேண்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஊர்காவற்றுறைக்குப் போனோம். பண்ணைப் பாலத்தில் நான் ஓடினேன். கடல் இரண்டு பக்கமும் தட்டையாகக் கிடக்க, நாலில் போட்டு அப்படியே போனேன். 77 மி.மீ.யின் அந்தச் சுறுக்கு இதில் இல்லை. அதை நான் தேடவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பழையதைவிட நல்ல கட்டை, ஒவ்வொரு கியரும் சொன்ன இடத்தில் விழுகிறது.

திரும்பும்போது வேலணையில் அப்பா சாவியைக் கேட்டு வாங்கினார். முதல் முடக்கில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். கை நியூட்ரலில் ஒரு கணம் நின்றது, பிறகு தானாகப் போனது. வீடு வரை முழங்கையைத் தொடவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு, "பழைய லீவரை எறிஞ்சிடாதை" என்றார்.

எறியவில்லை. கிறீஸ் பூசி, பேப்பரில் சுற்றி, மேலே 48 என்று எழுதி, 68 மி.மீ. லீவரோடு சேர்த்து அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். பின்னேரம் வண்டிக்குக் கீழே குனிந்து தட்டின் விளிம்பைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி காய்ந்தபடியே வந்தது.