சனி 2 மணி முதல் ஞாயிறு 11 மணி வரை

கொழும்பில் விடியப்புறம் வேனில் ஏறி, ஹபறணை, பொலனறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை என்று வந்து கிழக்குக் கரையின் பாசிக்குடாவில் இறங்கும் குடும்பத்துக்கு ஆறேழு மணித்தியாலம் றோட்டிலேயே போய்விடும். அறை கையில் கிடைப்பது சனி 2 மணிக்கு. ஞாயிறு 11 மணிக்குத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பது 21 மணித்தியாலம். நித்திரைக்கு 8ஐக் கழித்தால் 13. கடற்கரை ஹோட்டல் உண்மையில் விற்பது இந்தப் பதின்மூன்றைத்தான். ரிசப்ஷனில் அரை மணி, ஏசி பார்க்க ஆள் வரும்வரை அரை மணி, காலைச் சாப்பாட்டு வரிசையில் கால் மணி என்று கரைந்தால், கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வந்தவர் களைப்போடுதான் திரும்புவார். வரவேற்கும் சிரிப்பைப் பழக ஒரு கிழமை போதும். அந்த 13 மணித்தியாலத்தைத் தின்னாதபடி வேலையை அடுக்கப் பழக இரண்டு சீசனாவது எடுக்கும்.

முதல் சிக்கல் சனியும் ஞாயிறும் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வருகிறது. 40 அறை ஹோட்டலில் 30 அறை ஒரே நாளில் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் போன அறையை முழுதாகத் துப்புரவாக்க 40 நிமிடம். 30 அறைக்கு 1,200 நிமிடம், அதாவது 20 ஆள்மணி. மூன்று மணித்தியாலத்தில் முடிக்க ஏழு பேர் வேண்டும். ரோஸ்டரில் ஐந்து பேர் இருந்தால் கடைசி அறை 3 மணிக்குத்தான் வரும், அதுவும் எல்லாரும் 11 மணிக்கே வெளிக்கிட்டால். “சேர், இன்னும் பத்து நிமிடம்” என்று ரிசப்ஷன் பிள்ளை சொல்வது பொய்யல்ல, நம்பிக்கை. அதைச் சொல்லாமல் விடுவதே நல்லது. “3 மணிக்குத் தருகிறோம், அதுவரை பைகளை இங்கே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கோ, உடுப்பு மாற்ற அந்தக் குளியலறை இருக்கிறது” என்றால் மனிதர் கோபப்படுவதில்லை. பத்து நிமிடம் என்று நாலு தடவை சொன்னால் கோபப்படுவார்.

துப்புரவாக்கும் ஒழுங்கையும் அறை எண்ணின்படி போடக்கூடாது. யார் முதலில் வருகிறார்கள், யாரிடம் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று காலை 9 மணிக்கே ரிசப்ஷன் ஒரு தாளில் எழுதிச் சொல்லிவிட வேண்டும். ரிசப்ஷனுக்கும் துப்புரவுப் பகுதிக்கும் இடையே அந்த ஒரு தாள் போகாததால் வரும் சண்டைகளே அதிகம்.

அறைக்குள் போனதும் ஏசியை நிறுத்தி, கதவு யன்னலைத் திறக்க வேண்டும். அழுக்குத் துணியைக் கழற்றும்போதே தலையணைக்குக் கீழே, குளியலறைக் கொக்கியில், லொக்கரில் ஏதும் மறந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஆள் வெலிக்கந்தை தாண்டிய பிறகு சார்ஜரைக் கண்டெடுத்துப் பயனில்லை. பிறகு குளியலறையில் துப்புரவு மருந்தைத் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டு, அந்த நேரத்தில் கட்டிலை விரிக்கலாம். தூசி மேலிருந்து கீழே. தரை கடைசி.

மணல் அறையில் புதிதாக வருபவர்கள் பிழை விடுவது தரையில்தான். ஈரத் துடைப்பத்தை முதலில் போட்டால் மணல் சேறாகி மூலைகளில் ஒட்டும், டைல்ஸின் பளபளப்பைக் கீறும், மிச்சம் குளியலறைக் குழாயில் போய் அடைக்கும். முதலில் காய்ந்த தும்புத்தடியால் இரண்டு தரம் கூட்டி அள்ள வேண்டும், அதன் பிறகுதான் தண்ணீர். இதைவிட மலிவான வழி, கடலிலிருந்து ஏறி வரும் பாதையில் கணுக்கால் உயரத்தில் ஒரு பைப்பும் கால் கழுவ ஒரு சிமெந்து மேடையும். மாடிப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் பிரயோசனமில்லை. மணல் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

லோன்றியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் வார இறுதி அங்கேதான் வெல்லப்படும் அல்லது தோற்கும். ஒரு அறைக்குத் துணி மூன்று செட் என்பது பொதுக் கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று கழுவலில், ஒன்று அலுமாரியில். கடற்கரையில் நாலு வேண்டும். 40 அறைக்கு, அறைக்கு இரண்டு பெட்சீற் என்றால் 320 பெட்சீற். மழை நாளில் கொடியில் எதுவும் காயாது; ஞாயிறு முழுக் கட்டிலும் ஒரே நேரத்தில் கழற்றப்படும்போது மூன்றாவது செட்டும் தீர்ந்துவிடும்.

துவாய் இன்னும் கரைச்சல். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் கடல் தண்ணீர் பட்ட துவாய் தானாகக் காயாது. உப்பில் சவர்க்காரமும் நுரைக்காது. கடலுக்குக் கொண்டுபோக வேறு நிறத் துவாய் கொடுத்து, திரும்பி வந்ததும் உதறி, வெறும் தண்ணீரில் ஒரு தரம் அலசிய பிறகே மெசினில் போட வேண்டும். உதறாவிட்டால் மணல் மெசினின் பம்பைத் தின்றுவிடும். அடுத்தது சன் கிறீம். தண்ணீரில் இரும்பு இருந்தால், சில சன் கிறீம்கள் அதோடு சேர்ந்து வெள்ளைத் துணியில் செம்மஞ்சள் கறையாகும். கறையைக் கண்டதும் கை தானாகக் குளோரின் போத்தலுக்குப் போகும். குளோரின் அந்தக் கறையை இன்னும் அழுத்திப் பிடிக்க வைக்கும். சிற்றிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பிறகு கழுவினால் பெரும்பாலும் போகும். விருந்தினர்தான் பழுதாக்கினார் என்று துவாய்க்குக் காசு வெட்டுவதற்கு முன்னர் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்ப்பது நியாயம்.

ஏசி முறைப்பாட்டில் பாதி ஏசியின் பிழையே அல்ல. கடலைப் பார்க்க வேண்டும் என்று பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு 16இல் வைப்பார்கள். வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த இடமெல்லாம் தண்ணீராகி வடியும். “ஏசி ஒழுகுது” என்று அழைப்பு வரும். 24 அல்லது 25இல் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னால் போதும். கதவு சாத்தியிருந்தும் ஒழுகினால் தண்ணீர் போகும் குழாயில் பாசி அடைத்திருக்கும். சனிக்கிழமைக்கு முன்னர் ஊதிவிட வேண்டிய வேலை அது. வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை உப்பு அரிக்கும். கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவினால் ஆயுள் கூடும். வேகமாக அடித்தால் தகடு மடிந்து காற்றே போகாது.

நம்முடைய கரையில் சூரியன் கடலில் இருந்து வருகிறது. கடல் பார்த்த அறைதான் விலை கூடியது, ஆனால் அதில் படுத்தவர் காலை 6 மணிக்கே வெளிச்சத்தில் விழித்துவிடுவார். தடித்த திரையை இரவு எட்டு மணிக்குள் இழுத்துவிடுவது சின்ன வேலை; ஒன்றரை மணித்தியால நித்திரை மிஞ்சும். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் சூடு மேற்கே தரையிலிருந்து வருகிறது. அப்போது பின்னேரம் இருக்க நல்ல இடம் கடல் பக்கத்து விறாந்தை. உள்பக்கத்தில் போட்ட கதிரையில் தூசிதான் படியும்.

குசினிக்கு ஒரு எச்சரிக்கை, அது சூரை மீனைப் பற்றியது. பிடித்த பிறகு சூட்டில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகும். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது, மணமும் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடல் கடிக்கும். ஒவ்வாமை என்று நினைத்து விடுவார்கள். வாழைச்சேனையில் மீன் வாங்கும்போதே மீனின் எடைக்குச் சரி எடை ஐஸ் போட்டு, குசினியில் 4 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும். வள்ளத்தில் ஐஸ் இருந்ததா என்று கேட்காமல் வாங்கும் சமையல்காரர் எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் பயம்தான். களப்பு நண்டு கேட்பவர்களிடம் மத்தியானத்துக்கு முன்னர் சொல்லச் சொல்ல வேண்டும். இரவு 7 மணிக்குக் கேட்டால் கிடைப்பது குளிர்பெட்டி நண்டு.

பாசிக்குடாக் கடலில் நீண்ட தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அதனாலேயே பெற்றோர் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு போனைப் பார்க்கிறார்கள். பெரியவரின் இடுப்பளவு ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கழுத்தளவு. போயா (பௌர்ணமி) நாளில் மது விற்பனை இல்லை என்பதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். நீண்ட லீவு பெரும்பாலும் போயாவை ஒட்டித்தான் வரும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்த இரவு முழுக்க வெயிற்றர்தான் குற்றவாளி.

ரோஸ்டர் போடுபவருக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பாடம். ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்து முஸ்லிம் பொடியன்கள் ஜும்மாவுக்குப் போக வேண்டும், அதே நேரத்தில் வார இறுதியின் முதல் அறைகள் தயாராக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளை அந்த நேரத்துக்கும், கோயில் திருவிழா நாளில் மற்றவர்களையும் மாற்றிப் போடும் ஹோட்டலில் லீவுச் சண்டை குறைவு. ஊர்க் கலியாணங்கள் வார இறுதியிலேயே வருவதால் இந்த வேலைக்காரர் அதிகம் இழப்பது சொந்தபந்தத்தை. செவ்வாய்க்கிழமை லீவில் யார் வீட்டில் விசேஷம் நடக்கும்?

பில்லில் போகும் 10 வீத சேவைக் கட்டணம் புள்ளி முறையில் (வேலைத் தரத்துக்கு ஏற்ற பங்காக) பிரிக்கப்படுவதால், அறை காலியாகக் கிடக்கும் கார்த்திகை, மார்கழியில் சம்பளப் பக்கெட் மெலியும். டிப்ஸ் வேறு கணக்கு. அது பை தூக்கியவருக்கும் சாப்பாடு பரிமாறியவருக்கும் கையில் கிடைக்கிறது. 320 பெட்சீற் கழுவியவரை விருந்தினர் காண்பதே இல்லை. ரிசப்ஷனில் ஒரே பெட்டி வைத்து, மாதக் கடைசியில் லோன்றியையும் சேர்த்துப் பங்கிடும் இடங்களில் லோன்றிக்காரர் அடுத்த சீசனிலும் நிற்கிறார்.