மூன்று தடவை மாற்றிய ஆயில் சீல்

ஒரு பழைய லாரியின் கிராங்க் பின்பக்க ஆயில் சீலை, அதாவது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் எஞ்சின் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையத்தை, ஒரே வருடத்தில் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். அது லேசான வேலை இல்லை. கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச் செட்டைக் கழற்ற வேண்டும், ஃப்ளைவீலை எடுக்க வேண்டும். இரண்டு ஆளுக்கு முழுசாக ஒரு நாள் போய்விடும். மூன்று தடவையும் புது சீல்தான் போட்டேன். மூன்று தடவையும் பத்துப் பதினைந்து நாளில் பெல் ஹவுசிங்குக்கு, அதாவது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டுக்கு, அடியில் மறுபடி சொட்டு விழுந்தது. வண்டிக்காரர் கோபப்படவில்லை. "அண்ணே, இந்த வண்டியை நம்பித்தான் வீடு ஓடுது" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான்காவது தடவை வண்டி வந்தபோது நான் நேராக கியர்பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டேன். எங்கள் பெரிய மேஸ்திரி தடுத்தார். "ஸ்பேனரைக் கீழே வை தம்பி. முதல்ல எஞ்சினைக் கழுவு" என்றார்.

கழுவினேன். பல வருட ஆயிலும் மண்ணும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. சுரண்டி எடுத்து, டீசல் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் அடித்து, காற்று பிடித்துக் காயவைக்கவே அரை நாள் ஆனது. நிறம் தெரியாமல் கிடந்த பிளாக்கில் பெயின்ட் தெரிந்தது. அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை மேஸ்திரி எடுத்துவந்து, எஞ்சினின் பின்பக்கம் முழுக்க மெல்லிசாகத் தூவினார். ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை ஓடவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கடைசி சிலிண்டருக்கு மேலே, எஞ்சின் ஹெட்டை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பின் மூலையில், வெள்ளைப் பவுடரில் கடுகளவு ஒரு கரும்புள்ளி. அது மெதுவாக நீண்டது. ஹெட்டைத் தாண்டி, பிளாக்கின் பின்முகத்தில் கோடாக இறங்கி, பெல் ஹவுசிங் சேரும் இடுக்கில் நுழைந்து மறைந்தது. உள்ளே போன ஆயில் அடியில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது கிராங்க் சீல் லீக் போலவே இருக்கும். கழற்றிப் பார்த்தாலும் உள்ளே எல்லாம் நனைந்திருப்பதால் சீல்மேல்தான் பழி விழும். அந்தக் கோட்டைப் பார்த்தபோது, நான் கழற்றி வீசிய மூன்று சீல்களும் நினைவுக்கு வந்தன. ஒன்றில்கூடக் குற்றம் இருந்திருக்காது.

ஆயில் எப்போதும் கீழ்நோக்கி ஓடும். வண்டி போகும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேடிப் போக வேண்டும். ஈரமாக இருக்கிற இடங்களில் எது ஆக உயரமோ அங்கேதான் முதலில் சந்தேகம் வர வேண்டும். சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை இருக்கும், மோந்தாலே தெரியும். டீசலும் ஆயிலும் கலந்து வழிந்தால் டீசல் பம்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

சரி, டேப்பெட் கவருக்கு அடியில் கசிவை அடைக்கும் பேக்கிங்கை மாற்றினோம், வேலை முடிந்தது என்று நினைத்தேன். மேஸ்திரி விடவில்லை. "பேக்கிங் ஏன் தள்ளுச்சு?" என்று கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, திருகாமல் ஓட்டைமேல் சும்மா கவிழ்த்து வைத்தார். மூடி துள்ளிக் கீழே விழுந்தது. பழைய டீசல் எஞ்சினில் மூடி கொஞ்சம் ஆடும், அது சகஜம். தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம் நிற்கிறது என்று அர்த்தம்.

எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றினோம். உள்ளே கறுப்புக் களிம்பு தார் போல இறுகி, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்குவது எந்த எஞ்சினிலும் உண்டு. அது வெளியேற ஒரே வழி பிரீதர். ஆயில் ஆவியும் ஈரமும் கரியும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிட்டால், அந்தப் புகை பேக்கிங்கையும் சீலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். குழாயைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு அதே மூடியை வைத்துப் பார்த்தோம். லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் மூடி துள்ளினால், பெரும்பாலும் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் எந்த பேக்கிங் போட்டாலும் நிற்காது. அதை வண்டிக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிற்காத வேலைக்குக் கூலி வாங்க எனக்கு மனம் ஒப்பாது.

அதற்குப் பிறகு நான் பார்த்த பிடிவாதமான லீக்குகளில் பல, முன்னால் கை வைத்தவர் செய்த வேலையால் வந்தவை. ஆயில் கசிந்தால் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கத்தான் கை போகும். தகட்டில் செய்த சம்பில் அதைப்போலக் கெடுதல் வேறு இல்லை. கார்க் பேக்கிங் பிதுங்கிக் கிழியும். போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு மேல்நோக்கிக் குழிந்துவிடும். பிறகு ஓட்டையருகில் மட்டும் இறுகி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விழும். முறுக்க முறுக்க ஒழுகும். சம்பை இறக்கி, விளிம்பைத் தட்டையான இரும்பின்மேல் வைத்து, புடைத்த இடங்களைச் சுத்தியலால் தட்டிச் சமன்செய்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தபின்தான் புது பேக்கிங் போட வேண்டும். இறுக்கும்போது எஞ்சின் புத்தகத்தில் சொன்ன டார்க்குக்குமேல், அதாவது முறுக்கும் அளவுக்குமேல், போகக்கூடாது.

சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்புவது இன்னொரு தவறு. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். ஒரு தடவை ஆயில் பம்பின் சல்லடையில் சிவப்பு சிலிகான் துண்டுகள் புழுப்புழுவாக ஒட்டியிருந்ததைக் கையால் எடுத்தேன். பாதி சல்லடை மூடியிருந்தது. ஒரு சொட்டை நிறுத்தப் போய் பேரிங் முழுக்கப் போயிருக்கும். மெல்லிய கோடு போதும். தடவிய கையோடு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. முழுசாக இறுக அது 24 மணி நேரம் கேட்கும்.

நிஜமாகவே கிராங்க் சீல் போன வண்டிகளும் வரும். அப்போது சீலை மட்டும் மாற்றாமல், அது உட்காரும் ஷாஃப்ட்டை நகத்தால் வருடிப் பார்ப்பேன். நகம் தட்டினால் பழைய சீலின் உதடு அங்கே பள்ளம் போட்டிருக்கிறது. புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் ஒழுகத்தான் செய்யும். பள்ளத்தை மறைக்க ஷாஃப்ட்டின்மேல் மெல்லிய உலோக உறை, ஸ்லீவ், ஏற்றலாம். இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அடிக்கலாம். ரப்பர் சீலுக்கு உதட்டில் ஆயில் தடவ வேண்டும். டெஃப்லான் சீலைப் பெரும்பாலும் காய்ந்தபடியே மாட்ட வேண்டும். இந்த ஒன்று தெரியாமல் நல்ல சீல்களைக் கெடுத்தவர்கள் நிறைய.

ஒரு சொட்டுதானே என்று விடச் சொல்பவர்களும் உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் பத்து மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டருக்கு மேலேயே போய்விடும். கிளட்ச் தட்டில் பட்டால் ஏற்றத்தில் வழுக்கும். சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

அந்த லாரி இப்போதும் சர்வீஸுக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, அடியில் படுத்து பெல் ஹவுசிங் ஓட்டையில் விரலை விட்டுப் பார்ப்பேன். போன வாரமும் பார்த்தேன். விரலில் காய்ந்த தூசிதான் ஒட்டியிருந்தது.