சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி

தாத்தாவுக்கு வந்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் எல்லாவற்றிலும் ஒரு துளை இருக்கும். வரும் தபாலையெல்லாம் உறையோடு சேர்த்துத் திண்ணையில் தொங்கிய கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். ஆகவே எம்.ஜி.ஆர். தொப்பியிலும் பொங்கல் பானையின் வயிற்றிலும் ஒரே அளவில் ஓட்டை விழுந்திருக்கிறது. பழைய அட்டை சேர்ப்பவர்கள் இவற்றைத் தொடமாட்டார்கள். தருமபுரியிலிருக்கும் என் நண்பருக்கு அது ஒரு பொருட்டில்லை. தை பிறக்குமுன் ஆளுக்கொரு பழைய அட்டையை அஞ்சலில் அனுப்பி மாற்றிக்கொள்வதை நாங்கள் ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறோம்.

படத்தை விட்டுவிட்டு உறையைத்தான் முதலில் பார்ப்போம். 'சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி' என்றிருந்தால், கிருஷ்ணகிரியையும் சேர்த்துக்கொண்டு தருமபுரி தனி மாவட்டமான 1965 அக்டோபர் 2க்கு முந்தையதாக இருக்கலாம். 635001 என்ற எண் இருந்தால் அது பின்கோடு வந்த 1972க்குப் பிந்தையது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமான பின்பும், பழக்கதோஷத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்றே எழுதிவந்த உறவினர்கள் உண்டென்பதால், அஞ்சல் முத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

1843இல் இலண்டனில் ஹென்றி கோல் ஆயிரம் படிகள் அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டைக்கு முன்பே, 1840இல், அங்கே ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் பென்னி தபால் வந்திருந்தது. மலிவான தபால் இல்லாமல் வாழ்த்து அட்டை பரவாது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது புக் போஸ்ட். உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகிவிட்டால் குறைந்த அஞ்சல்தலை போதுமாயிருந்தது. ஆனால் உள்ளே கடிதம் எழுதக் கூடாது என்பது நிபந்தனையாயிருந்தது.

சின்னத் தாத்தா எழுதினார். கரும்புப் படத்தின் ஓரத்தில், ஜிகினாத் தூளுக்கு இடையே, 'செவலை கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று' என்று எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி. அஞ்சலகத்தில் யாரோ அதைப் படித்துவிட்டார்கள் போலும், குறைந்த தொகைக்கு இரண்டு மடங்கு தண்டம் கட்டித்தான் தாத்தா அட்டையை வாங்கினாராம். "கன்றுக்குட்டிக்குமா தண்டம்?" என்று பாட்டி கேட்டது எங்கள் வீட்டில் இன்றும் வழங்குகிறது. அந்த அட்டையைத்தான் நண்பர் ஆண்டுதோறும் கேட்கிறார். நான் கொடுப்பதாக இல்லை.