பங்குனிக்கு முந்தைய பாட்டு வகுப்பு

ஜனவரி 20, மதுரை

பொங்கல் முடிந்ததும் புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். ராத்திரி முழுக்கப் பாட்டும் வசனமுமாக நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் இதுவரை டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தவள். வரும் பங்குனி முதல் ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக, மேடையேறப் போகிறாள். "பாட்டெல்லாம் தெரியும் டீச்சர். ரெண்டு மணிக்கு மேல தொண்டை கட்டிக்குது, அதுக்கு மட்டும் வழி சொல்லுங்க" என்றாள்.

பாடச் சொல்லவில்லை. வழியில் பஸ் எப்படி இருந்தது, வீட்டில் யார் யார் என்று பேச்சுக் கொடுத்தேன். சாதாரணமாகப் பேசும்போது குரல் நன்றாக இருக்கிறது. 'வள்ளி வசனம் சொல்லு' என்றதும் குரல் நாலு படி மேலே ஏறி, கழுத்து நரம்பு புடைக்கிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது. கச்சேரிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சரளி வரிசையில் ஆரம்பிப்பேன். நாடகக்காரர்களுக்குப் பேச்சில்தான் ஆரம்பம். வள்ளி திருமணம் ராத்திரி பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை போகும். அதில் தனிப்பாட்டைவிடத் தர்க்கம் அதிகம்; வசனமும் பாட்டும் கலந்த வாக்குவாதம் அது. பேச்சில் கிழிந்த தொண்டையை வைத்துக்கொண்டு என்ன பாட முடியும்?

ஜனவரி 25

ஹார்மோனியத்தை வைத்துப் பார்த்ததில் அவளுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி சுகமாக நிற்கிறது. மேல் சட்ஜம் அலட்டல் இல்லாமல் வருகிறது. தனியாகப் பாடும்போது தொல்லையே இல்லை. கதாநாயகனான ராஜபார்ட்டோடு தர்க்கம் செய்யும்போதுதான் சிக்கல். அவருக்கு நாலு கட்டை, இவளுடையதைவிடத் தாழ்ந்த சுருதி. ஒரே ஹார்மோனியம், ஒரே சுருதி, இரண்டு பேரும் மாறி மாறிப் பாட வேண்டும். நாலு கட்டையில் இவளுக்குக் கீழ்ப் பாதி ஸ்வரங்கள் அடங்கிப்போகின்றன. கேட்காதோ என்ற பயத்தில் அமுக்குகிறாள். கட்டிக்கொள்வது அதனால்தான். எல்லாரும் உச்சத்தில் பாடித்தான் தொண்டை போகும் என்று நினைக்கிறார்கள். தன் சுருதிக்குக் கீழே அமுக்கிப் பாடியும் போகும்.

இதற்கு ஒத்திகையில் தீர்வு காணலாமே என்று வெளியாட்கள் கேட்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஏது ஒத்திகை? நடிகர்களைத் தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் செய்கிறார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஹார்மோனியம் இன்னொரு ஊர். அரிதாரம் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். டைரக்டர் என்று ஒருவர் கிடையாது. அவரவர் பாடத்தை அவரவர் கையில் வைத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே வேறு வழி. தர்க்கத்தில் என்ன விருத்தம் பாடுவது என்பது அவள் கையில் இருக்கிறது. தாளக்கட்டு இல்லாததால் எந்த ஸ்வரத்திலும் எடுக்கலாம். காம்போதி ராகத்தை மேல் சட்ஜத்திலேயே எடுத்து, பஞ்சமத்துக்குக் கீழே அதிகம் இறங்காமல் முடிக்கச் சொன்னேன். நாலு கட்டையிலும் அது அவளுக்குச் சுகமான இடத்தில்தான் விழுகிறது. முதல் தடவையே குரல் திண்ணையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

ஜனவரி 29

வகுப்பு இல்லை. ஹார்மோனியத்தில் 'ரி' கட்டை ஒட்டிக்கொள்கிறது. ரிப்பேர்காரர் நாளைக்கு வருவதாகச் சொன்னார். அவருடைய நாளைக்கு எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 3

நவீன நாடகத்துப் பையன் ஒருவன் வந்தான். தனிநடிப்பு, முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு பெரிய அலறல். அடுத்தடுத்து மூன்று நாள் நிகழ்ச்சி போட்டால் மூன்றாவது நாள் காற்றுதான் வருகிறது என்கிறான். பாட்டு கற்க விருப்பமில்லை, குரலைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதுமாம். சரி என்றேன். ஆனால் பாடாமல் அது வராது.

அலறும்போது மூச்சைப் பிடித்து நிறுத்திவிட்டு அலறுகிறான். குரல் நாண்கள் ஒன்றோடொன்று அறைபடுகின்றன. ஆண் பேசும்போதே நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அவை மோதிக்கொள்கின்றன. அந்தப் புதுக்கோட்டைப் பெண் ஐந்தரைக் கட்டையில் மேல் சட்ஜத்தைத் தொட்டால் நொடிக்கு 400-க்கும் மேல். அத்தனை மோதலுக்கு நடுவில் மென்மையாக விட்டால் நாண் தாங்கும், அறைந்தால் வீங்கும். வயலுக்கு அந்தப் பக்கம் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி 'ஓ...ய்' என்று நீட்டச் சொன்னேன். அதில் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அதை மெதுவாக அலறலாக மாற்ற வேண்டும். கேட்பவருக்கு ரெண்டும் ஒன்றுதான். தொண்டைக்கு இல்லை.

போகும்போது ஒரு ஸ்ட்ராவும் தண்ணீர் டம்ளரும் கொடுத்தனுப்பினேன். ஸ்ட்ராவின் நுனியை ரெண்டு விரல் அளவு தண்ணீரில் வைத்து 'ஊ' என்று குமிழிவிட்டபடி கீழிருந்து மேலே போய்வர வேண்டும். வாய்ப்பக்கம் தேங்கும் காற்றழுத்தம் நாண்களை லேசாக விலக்கிவைப்பதால் அவை அடித்துக்கொள்ளாமல் வேலை செய்யும். "இதுக்கா சார்ஜ் பண்றீங்க?" என்று சிரித்தான். ஆமாம், இதற்குத்தான்.

பிப்ரவரி 11

வருகிறவர்கள் எல்லாரும் ஒரு மருந்து சொல்கிறார்கள். பச்சை முட்டை, அதிமதுரம், சித்தரத்தை, மிளகுப்பால். பனங்கற்கண்டு போட்ட பாலில் எனக்கும் ஆசை உண்டு, அதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. குடிக்கிற தண்ணீர்கூட ரத்தத்தில் சேர்ந்து சுற்றித்தான் நாணுக்கு வரும். ராத்திரி நாடகத்துக்குக் காலையிலிருந்தே குடிக்க வேண்டும். நேரே போய்ச் சேர்வது ஆவி மட்டும்தான்.

கிசுகிசுப்பாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பதும், மேடையேறுமுன் நாலு தடவை பலமாகச் செருமுவதும் கெட்ட பழக்கங்கள். நாடகம் முடிந்த கையோடு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வேனிலேயே படுத்துத் தூங்குவது அதைவிடக் கெடுதல். வயிற்று அமிலம் மேலே வந்து குரல்வளையைப் புண்ணாக்கும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் என்னிடம் வர வேண்டாம், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 19

ஒரு அம்மா பதின்மூன்று வயது மகனைக் கூட்டி வந்தார். கோயில் நாடகத்தில் முருகன் வேஷம் கட்டிப் பாடிக்கொண்டிருந்தவன். இப்போது பாட்டின் நடுவே குரல் புரள்கிறது. மகரக்கட்டு, வளரும் வயதில் குரல் உடைவது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது நடித்தவர்கள் சிறுவர்கள். பாய்ஸ் கம்பெனிகளில் நேற்றுவரை கதாநாயகியாகப் பாடிய பையன் குரல் உடைந்ததும் வேஷம் இழந்து நிற்பான். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. வருகிற இடத்தில் மட்டும் பாடு, வராத இடத்தை விட்டுவிடு, பழைய சுருதிக்காக மல்லுக்கட்டாதே என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குத்தான் திருப்தியில்லை.

மார்ச் 2

நவீன நாடகத்துப் பையனை மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே பாட வைத்தேன். மூச்சு வாங்கும் இடத்தில் வரியை உடைக்கிறான். தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு சுழன்றபடி பாடுகிறவர்களைப் பார்க்கச் சொன்னேன். வரியைப் பின்பாட்டு வாங்கிக்கொள்ளும்போது மூச்சை நிரப்பிக்கொள்வார்கள். நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்கள் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றுக்கொண்டதில் இதுவும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். இவன் மேடையில் தனி ஆள், பின்பாட்டு இல்லை. பிரதியில் எங்கே வாயை மூடிக்கொண்டு உடம்பால் நடிக்கலாம் என்று பென்சிலால் குறித்தோம். எழுதியவர் சண்டைக்கு வராமல் இருக்க வேண்டும்.

மார்ச் 9

புதுக்கோட்டைப் பெண்ணுக்கு ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி ஒரு ஆசை: கே.பி. சுந்தராம்பாள் மாதிரிப் பாட வேண்டும். கொடுமுடிக்காரரான சுந்தராம்பாளும் செங்கோட்டை கிட்டப்பாவும் பாடிப் பேர் வாங்கியது மைக்கை நம்பியிராத மேடையில். கடைசி ஆள்வரை குரலையே அனுப்ப வேண்டியிருந்ததால் அந்த உச்சஸ்தாயி தேவைப்பட்டது. கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதில் போய்விட்டார், அவர் பாணி மட்டும் இன்னும் ராஜபார்ட்டுகளைத் துரத்துகிறது. இன்றைக்குத் தலைக்கு மேல் மைக் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்று கத்தினால் சொல்தான் சிதறும். மெய்யெழுத்தைத் தெளிவாக விடு, மற்றதை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும் என்றேன். ஒப்புக்கொண்ட மாதிரித் தலையாட்டினாள். நம்பவில்லை.

மார்ச் 23

முதல் நாடகம் முடிந்து காலையில் போன் செய்தாள். குரல் கொஞ்சம் கனத்திருந்தது, கட்டவில்லை. காம்போதி எடுத்த இடத்தில் ஹார்மோனியக்காரர் நிமிர்ந்து பார்த்தாராம். வசனத்தில் மட்டும் நாரதரோடு போட்டி போட்டுக் கத்திவிட்டாளாம். பரோட்டாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்து சித்திரையில் அரிச்சந்திரா, மயான காண்டத்தில் சந்திரமதி. அழுதுகொண்டே பாட வேண்டும். நிஜமாகவே அழுதால் தொண்டை அடைத்துப் பாட்டு நின்றுவிடும். முகமும் தோளும் அழ, குரல் மட்டும் திறந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். சோக ராகமான முகாரியில் ஆரம்பிக்கலாம், முதலில் சிரித்த முகத்தோடு.