ஒரு படி நெல்லும் நாலு புத்தகங்களும்

புத்தகக் கண்காட்சியில் என் மேஜைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஒரு பக்கம் படம் போட்ட சிறுவர் கதை, அதை ஒட்டிக் கவிதைத் தொகுப்பு, அப்புறம் சிறுகதைகள், ஓரத்தில் சாதியும் கூலியும் பற்றிய கட்டுரை நூல். "எல்லாம் ஒரே ஆளா?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்றில் நிலைத்து நின்றால்தான் பெயர் எடுக்கலாம் என்று அறிவுரை சொல்லிவிட்டு, எதையும் வாங்காமல் நகர்கிறவர்களும் உண்டு.

சொந்தமாக எழுதிச் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவனுக்கு அது நல்ல அறிவுரையாகவே இருக்கலாம். ஆனால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் உட்கார்ந்து எழுதும் எனக்கு அது சரிப்பட்டு வரவில்லை. இங்கே எந்த விஷயத்தை எடுத்தாலும், கேட்கிற ஆள் மாறினால் சொல்கிற விதமும் மாற வேண்டியிருக்கிறது. நெல் அளப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1968 டிசம்பர் 25 அன்று, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதற்கு முன்னால் நடந்தது கூலி உயர்வுப் போராட்டம். கேட்டது அரைப்படி நெல் கூடுதலாக. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் சிவப்புக் கொடி கட்டிய வேன்கள் அந்தத் திசையில் போவதைப் பார்க்கிறார்கள். ஏன் போகிறார்கள் என்று கேட்கவும் செய்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் நெருப்பைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்றுமே நடக்காதது போல மழுப்பவும் மனசு வரவில்லை. அரைப்படியைச் சொல்லலாம் என்று பட்டது. அப்படி வந்ததுதான், தன் வாய் வரை நெல் நிரம்பியதே இல்லை என்று குறைபட்டுக்கொள்ளும் ஒரு படியின் கதை.

ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து அதை வாசித்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குறுக்கே கேட்டாள்: "சார், அந்தப் படிய யாரு செஞ்சா? அவங்க சரியாத்தானே செஞ்சிருப்பாங்க?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. பண்ணை முறை, சாதி, குத்தகை என்று அரை மணி நேரம் பேசலாம். ஆனால் அது கட்டுரைக்காரனின் பதில். சிறுவர் கதைக்குள் அந்த ஆளை விட்டுவிட்டால் பிள்ளைகள் மண்டபத்துத் தூணை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அவனை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் சொன்னான்: "அளக்குறவரு கட்டைவிரல உள்ள விட்டு அளந்திருப்பாரு சார். பாலு அளக்குறப்ப நான் பாத்திருக்கேன்." எவ்வளவு பெரிய அரசியல் பாடம்! அடுத்த அச்சில் அந்தக் கட்டைவிரல் கதைக்குள் வந்துவிட்டது. ஓவியரும் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தார்.

கட்டுரையில் இப்படிப் பிள்ளைகள் வந்து காப்பாற்ற மாட்டார்கள். ஆண்டு வேண்டும், ஆதாரம் வேண்டும். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முன்நின்று இந்த வட்டாரத்தில் வளர்த்த விவசாயிகள் சங்கம், சவுக்கடியும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்று கேட்டது. கூடவே, கூலி நெல்லை அரசு முத்திரையிட்ட அளவையான முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்றும் கேட்டது. மனிதனை அடிக்காதே என்பதும் அளவில் ஏமாற்றாதே என்பதும் ஒரே பட்டியலில் இருந்தன. இதை எழுதி முடித்தபோது, கட்டுரையைப் பழைய காலத்திலேயே விட்டுவிட மனமில்லை. இன்றைக்கு மரக்கால் போய் 40 கிலோ மூட்டையும், ஈரப்பதம் பார்க்கும் கருவியும் வந்துவிட்டன. அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்துவிட்டால் 22 வரை தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போகும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். அதற்குள் சாலையோரத்தில் குவித்த நெல் முளைவிட்டிருக்கும். ஐப்பசியில் மழை வரும் என்பது யாருக்கும் புதுச் செய்தி கிடையாது. உலர்த்த இடமும் இயந்திரமும் போதாது என்பதும் அப்படித்தான். ஆண்டுதோறும் இதை அவசர நிலைமை போலப் பேசுவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சலைக் கொட்ட கட்டுரைதான் சரியான இடம்.

கவிதை வந்தது வேறு வழியாக. பண்ணையில் வேலை பார்த்த ஒரு ஆத்தாவிடம் பழைய கூலி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நெல்லை வாங்கும்போது கூம்பாகக் குவித்து அளப்பார்களாம். கூலி போடும்போது தலை தட்டி அளப்பார்களாம். அதைச் சொல்லவில்லை, செய்து காட்டினார். இடது கையைப் படியாக்கி, வலது உள்ளங்கையால் மேலே ஒரு தடவை வழித்தார். கை அந்தரத்தில் கொஞ்சம் நின்றது, பிறகு மடிக்கு வந்தது. சாதி, கூலி எதையும் சொல்லாமல் அந்தக் கையை மட்டும் எழுதினேன். ஏழெட்டு வரிதான். இன்னொரு வரி சேர்த்தால் விளக்கவுரை ஆகிவிடும்.

சிறுகதையில் நான் போய்ச் சேர்ந்தது எதிர்ப்பக்கம். தலை தட்டி அளந்த காரியக்காரர், அதாவது பண்ணையாருக்காக வேலையையும் கூலியையும் கவனித்தவர். ஒரு மணி கூடுதலாக விழுந்தாலும் பண்ணையாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்திலேயே ஆயுள் முழுக்க அளந்தவர். கட்டுரைக்கு அவருடைய பயம் தேவையில்லை. அங்கே அவர் ஒரு ஏவலாள், அவ்வளவுதான். கதையில் அவர் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார். படித்த ஒருவர், "அவனுக்கு எதுக்கு சார் பரிதாபம் பாக்குறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தக் கதையை நான் மாற்றவில்லை.

இனி பிழைப்பு விஷயம். புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண் காசில்லாமல் கிடைக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் காசு. சிறுவர் புத்தகம் என்றால் வண்ண அச்சு, ஓவியருக்கு முன்பணம். தேவைக்கேற்ப மட்டும் அச்சடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்தபிறகு ஐம்பது பிரதிகளாக அடித்துக்கொள்ள முடிகிறது, பரணில் கட்டுகள் சேருவதில்லை. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை, புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய அடி. மெலிந்த சிறுவர் புத்தகத்தை அனுப்பும் செலவு இப்போது அதன் விலையோடு போட்டி போடுகிறது. அதனால் பையில் போட்டுக்கொண்டு போய்க் கையால் விற்பதுதான் அதிகம். சிறுவர் கதை விற்ற காசில்தான் கவிதை நூல் அச்சாகிறது. கட்டுரை நூல் கூட்டங்களில் போகும், அதுவும் பேச்சாளர் மேடையிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்.

இப்போது நோட்டில் இருப்பது நடவு இயந்திரம். நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா, "மிசினு வந்து இடுப்பு வலியும் போச்சு, சம்பளமும் போச்சு" என்றார். எனக்குள் இருக்கும் கவிதைக்காரன் அந்த வரியை அப்படியே தூக்கிக்கொள்ளப் பார்க்கிறான். ஏக்கருக்கு இயந்திர வாடகை எவ்வளவு, முன்பு எத்தனை பேர் நட்டார்கள், அவர்கள் இப்போது எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்ட பிறகுதான் அவனுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன்.